பிள்ளையின் தீராத வலி: மட்டக்களப்பிலிருந்து ஒரு குடும்பத்தின் பதில்கள்

எங்கள் மகளுக்குக் கணுக்கால் சுளுக்கில் தொடங்கிய வலி, சுளுக்கு ஆறிய பிறகும் மாதக்கணக்கில் போகவில்லை. வலி மறுவாழ்வுப் பயிற்சிதான் அவளைத் திரும்ப நடக்கவைத்தது. அந்தக் காலத்தில் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த தாய்மாரும், அவளுடைய ஆசிரியர்களும், சொந்தக்காரரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. உங்கள் பிள்ளையைப் பரிசோதித்த வைத்தியர் சொல்வதுதான் உங்களுக்கு முதல் சொல்.

பிள்ளைக்கு என்னதான் நடந்தது?

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சல் ஓட்டம் பழகும்போது கால் மடங்கிவிட்டது. அப்போது தரம் 8. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கட்டுப் போட்டு, காலை ஊன்ற வேண்டாம் என்று அனுப்பினார்கள். வீக்கம் வற்றியது. வலி மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. பாதம் நாவல்பழ நிறத்துக்கு மாறும், மற்றக் காலைவிடக் குளிர்ந்திருக்கும், ஒரு பக்கம் மட்டும் வியர்க்கும். போர்வை நுனி பட்டாலே கத்துவாள். இரவில் ஃபேன் காற்று காலில் படக்கூடாதென்று கட்டிலைத் திருப்பிப் போட்டோம். பாடசாலைக்கு வெள்ளை மேஸ் போட முடியவில்லை, அதனால் சப்பாத்தும் இல்லை, அதனால் பாடசாலையும் இல்லை. சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போன பிள்ளை, பிறகு ஊன்றுகோல் இல்லாமல் குளியலறைக்கும் போகாத நிலைக்கு வந்துவிட்டாள்.

கிளினிக் கொப்பியில் சீ.ஆர்.பி.எஸ். என்று எழுதினார்கள். அடிபட்ட கையிலோ காலிலோ, அடிக்குப் பொருந்தாத அளவு வலியும் நிறமாற்றமும் வெப்ப மாற்றமும் சேர்ந்து வரும் நோய் இது. பிள்ளைகளில் பெரும்பாலும் பத்து வயது தாண்டிய பெண்பிள்ளைகளுக்கு, கையைவிடக் காலில் அதிகமாக வருகிறது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறகு ஏன் நோகிறது?

இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது. 2003இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நிபுணர்கள் கூடி வகுத்த அளவுகோலை வைத்து, காலைப் பார்த்தும் தொட்டும் கேட்டும்தான் முடிவு செய்கிறார்கள். ஸ்கேன் எடுப்பது வேறு நோய் இல்லையென்று உறுதிசெய்யத்தான்.

எங்கள் பிசியோ இதை மகளுக்குச் சொன்ன விதம் எங்களுக்கும் விளங்கியது. படுவான்கரையில் வயலுக்குள் ஒருநாள் இரவு யானை இறங்கினால், அதற்குப் பிறகு பரணில் இருக்கிற காவல்காரன் சருகு அசைந்தாலும் வெடி போடுவான். யானை போய்விட்டது, ஆனால் அவனுக்கு நித்திரை இல்லை. உன் காலிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகளும் இப்போது அப்படித்தான், மேஸ் பட்டாலும் யானை என்று கத்துகின்றன என்றார். காயம் ஆறிய பிறகும் நரம்புத் தொகுதி கூர்மையாகவே நின்றுவிடுகிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தக் கூர்மை இன்னும் கூடும்.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 தை மாதம் நடைமுறைக்கு வந்தது. இன்னொரு நோயின் அறிகுறியாக இல்லாமல் வலியே நோயாக இருக்க முடியும் என்பதற்கு அதில் தனி இடம் இருக்கிறது. தீராத வயிற்றுவலி, தலைவலி, உடம்பு முழுக்க நோவு என்று அலைகிற பிள்ளைகளுக்கும் இது பொருந்தலாம்.

நடிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம் வருமே?

வரும். எங்களிடமே ஒரு இடத்தில் நேராகச் சொன்னார்கள்: படிக்கப் பஞ்சியில் பிள்ளை நடிக்குது, விட்டுப் பிடியுங்கோ என்று. அதை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு பல நாள் எந்த வைத்தியரிடமும் வாய் திறக்கவில்லை.

பாதம் நிறம் மாறுவதையும் குளிர்வதையும் யாரும் நடிக்க முடியாது. அது போகட்டும், வெளியே ஒன்றும் தெரியாத தலைவலியும் வயிற்றுவலியும்கூட மெய்யான வலிதான். பயிற்சி தொடங்கிய அன்று வைத்திய நிபுணர் மகளின் உயரத்துக்குக் குனிந்து, "உனக்கு நோகுது எண்டது எனக்குத் தெரியும். நான் நம்புறன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் அவள் மற்றதெல்லாம் செய்யச் சம்மதித்தாள். நம்பப்படாத பிள்ளை, தன் வலி உண்மையென்று காட்டவே தன் பலத்தையெல்லாம் செலவழித்துவிடும்.

வலி மறுவாழ்வுப் பயிற்சி என்றால் என்ன?

வலி போன பிறகு நடக்கலாம், வலி போன பிறகு படிக்கலாம் என்று காத்திருப்பதை விட்டு, நடையையும் படிப்பையும் நித்திரையையும் முதலில் மீட்பது. செயல் முதலில் திரும்பும், வலி பின்னால் குறையும். இந்த வரிசைதான் இதன் உயிர்.

வெளிநாடுகளில் இதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் பொஸ்ரன் சிறுவர் வைத்தியசாலை 2008இல் தொடங்கிய நிலையத்தில் பிள்ளைகள் காலையில் வந்து மாலையில் போகிறார்கள். ஜேர்மனியின் டட்டெல்ன் நகரில் தங்கவைத்துச் செய்கிறார்கள். எங்கே என்றாலும் உடற்பயிற்சி, அன்றாட வேலைப் பயிற்சி, உளவியல், பெற்றோருக்கான வகுப்பு எல்லாம் ஒரே குழுவாக, ஒரே பேச்சாக நடக்கும். 1999இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், சீ.ஆர்.பி.எஸ். உள்ள 103 பிள்ளைகளுக்குத் தினமும் பல மணிநேரம் கடும் உடற்பயிற்சியே முக்கிய சிகிச்சையாகக் கொடுத்தார்கள். அவர்களில் 92 வீதமானவர்களுக்கு அறிகுறிகள் முழுமையாக விட்டுப்போயின. இந்த எண்ணை எங்கள் வைத்தியர் சொன்னபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மட்டக்களப்பில் இது கிடைக்குமா?

பொஸ்ரனில் இருப்பதுபோல ஒரு தனி நிலையத்தில் நாங்கள் சேரவில்லை. ஒரு குழந்தைநல வைத்திய நிபுணர், ஒரு பிசியோ, ஒரு உளவளத்துணையாளர் என்று மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் செய்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசு இல்லை. ஓட்டோவுக்கும், வேலைக்குப் போகாத நாட்களுக்கும்தான் செலவு.

கஷ்டமான இடம், மூவரையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவருவது. பிசியோ நட என்பார், இன்னொரு கிளினிக்கில் ஓய்வெடு என்பார்கள், பிள்ளை ஓய்வைத்தான் பிடித்துக்கொள்ளும். நாங்கள் ஒரு சாதாரண சீ.ஆர். கொப்பி வைத்திருந்தோம். பிசியோ எழுதியதை உளவளத்துணையாளர் வாசிப்பார், அவர் எழுதியதை வைத்திய நிபுணர் வாசிப்பார். மூவரும் ஒரு மேசையில் இருந்ததே இல்லை, ஆனால் கொப்பியில் சந்தித்துக்கொண்டார்கள். கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் எழும்பியதும் தொடு பயிற்சி. முதலில் பஞ்சு, பிறகு பருத்தித் துணி, பிறகு முரட்டுத் துவாய். பாதத்தில் மெல்லத் தடவி, நாள் போகப் போக அழுத்தம் கூட்டுவது. பிறகு ஒரு பேசினில் பச்சரிசி நிரப்பி, அதற்குள் காலை வைத்து விரல்களை அசைக்க வேண்டும். அரிசி பழகியதும் பயறு, பயறு பழகியதும் மணல்.

துவாய்ப் பயிற்சியைப் பிசியோ பெத்தாச்சியிடம் ஒப்படைத்தார். அதுவரை ஒவ்வொரு இரவும் எண்ணெய் போட்டுத் தடவ முடியவில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தவ அவதான். முதல் நாள் துவாய் பட்டதும் மகள் வீடு அதிரக் கத்தினாள். பெத்தாச்சி துவாயைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வா மனே, இன்னும் ரெண்டு தரம்" என்று காலைத் திரும்ப மடியில் எடுத்தா. அந்த இரண்டு தரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததுபோல ஒரு பெரிய காரியம் அதற்கு முன் நடந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கண்ணாடி. அலுமாரிக் கண்ணாடி ஒன்றைக் கழற்றி இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலை அசைத்துக்கொண்டு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பது. நோகும் கால் சுகமாக அசைவதாக மூளைக்குக் காட்டுகிற வழி இது.

பத்து மணிக்குள் படிப்பு மேசையில் இருக்க வேண்டும். பகலில் கட்டிலில் சாயக்கூடாது. பின்னேரம் நடை. முதலில் படலைவரை, பிறகு சந்திக் கடைவரை, பிறகு கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலோடு. கடைசி இலக்கைக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: கல்லடிப் பழைய பாலத்தை ஊன்றுகோல் இல்லாமல் கடப்பது. 1924இல் கட்டிய அந்தப் பாலம் 300 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு வாகன நெரிசல் அங்கே போய்விட்டதால், நடை பழக அதைவிட நல்ல இடம் இல்லை. எத்தனை மின்கம்பம் தாண்டினாள் என்பதுதான் எங்கள் அளவு. முன்னமே தீர்மானித்த கம்பம்வரை போக வேண்டும். நன்றாக இருக்கிறதென்று அதைத் தாண்டி ஓடவும் கூடாது, நோகிறதென்று முன்னமே திரும்பவும் கூடாது.

நோகும் பிள்ளையை நடக்கவைப்பது கொடுமையில்லையா?

இதை எங்கள் மாமி முகத்துக்கு நேரேயே கேட்டா. கேட்டதில் அன்பு இருந்தது. புது அடிக்கு வரும் வலி காலைக் காப்பாற்றச் சொல்லும் வலி, அதற்கு ஓய்வு வேண்டும். இந்த வலி எதையும் காப்பாற்றவில்லை. நடப்பதால் காலுக்குள் எதுவும் உடையாது என்று வைத்தியர் பரிசோதித்து உறுதி சொன்ன பிறகுதான் பயிற்சி தொடங்கும். அந்த உறுதி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். உறுதி கிடைத்தால் பாதியில் விடவும் வேண்டாம். ஓய்வெடுத்த காலின் தசை மெலியும், மூட்டு இறுகும், பிள்ளையின் பயமும் வளரும். முதல் கிழமைகளில் வலி கூடத்தான் செய்தது. கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினோம்.

வீட்டில் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நோகுதா என்று கேட்பதை நிறுத்த வேண்டும். எங்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடங்களிலேயே கடினமானது இதுதான். தாய்க்கு வாயில் முதலில் வருவது அந்தக் கேள்வி. ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பிள்ளை தன் காலுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மறந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நாமே வலியை ஞாபகப்படுத்துகிறோம்.

பார்க்க வருகிறவர்கள் மைலோவும் மலிபன் பிஸ்கட்டும் கொண்டுவந்து, "பாவம் மனே, இப்பயும் நோகுதா?" என்று தலையைத் தடவுவார்கள். வாசலிலேயே கூட்டிப்போய்ச் சொன்னோம்: காலைப் பற்றிக் கேட்காதீங்க, ரியூசனில் என்ன படிச்ச என்று கேளுங்க. சிலர் கோபித்தார்கள். பெரும்பாலானவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

முகமும் முக்கியம். அவள் முகம் சுளிக்கும்போது என் முகமும் சுளித்தால், ஏதோ ஆபத்து என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். உளவளத்துணையாளர் என்னைத் தனியாக இருத்தி இதைப் பழக்கினார். பிள்ளை வலியென்று சொன்னால் ஒருதரம் கேட்டு, "சரி, தெரியுது. இப்ப மூச்சுப் பயிற்சியா, பாட்டா?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வேலையை அவளே செய்ய வேண்டும்: தன் கோப்பையைக் கழுவுவது, முற்றம் கூட்டுவது, தண்ணி எடுப்பது. நடந்ததைப் பாராட்டலாம், நோவைத் தாங்கியதைத் தூக்கிப் பேச வேண்டாம்.

தகப்பனும் தாயும் இரண்டு பேச்சாக இருந்தால் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் இவர் இளகுவார், நான் இறுகுவேன். இரவு பிள்ளை படுத்த பிறகு கதைத்து, அடுத்த நாளைக்கு ஒரே பேச்சாக வைத்துக்கொள்வோம்.

உளவளத்துணை எதற்கு? பிள்ளைக்கு மனநோய் இல்லையே?

இல்லை. மாதக்கணக்கில் நோகும் எவருக்கும் நித்திரை குழம்பும், பயம் வரும், சிநேகிதர்களை விட்டு ஒதுங்க மனம் வரும். இவை மூன்றும் திரும்ப வலியைக் கூட்டும். அந்தச் சுற்றை உடைக்கத்தான் அவர். எங்கள் மகளுக்கு மூச்சுப் பயிற்சியும், படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்துவதும், "இனி நான் ஓடவே மாட்டன்" என்ற எண்ணத்தை எதிர்கொள்ளும் வழியும் சொல்லிக்கொடுத்தார். இந்த மாவட்டம் யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கண்டது. உளவளத்துணையாளரிடம் போவதில் இன்னும் கூச்சப்பட நமக்கு எந்தக் காரணமும் இல்லை.

மருந்து?

சிலருக்கு நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின், கபாபென்ரின் போன்றவற்றைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். எங்களுக்கும் கொஞ்சக் காலம் ஒன்று இருந்தது, வைத்தியர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பிள்ளைகளின் நாட்பட்ட வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சையும் உளவியல் சிகிச்சையும் மருந்தோடு ஒரே வரிசையில் அதில் இருக்கின்றன. மோர்பின் வகையை, உயிர் பிரியும் நிலையில் உள்ள பிள்ளைகளின் வலிக்கும் உயிரைச் சுருக்கும் நோயுள்ள பிள்ளைகளுக்கும் மட்டுமே அது பேசுகிறது.

எண்ணெய், பத்து, நூல், நேர்த்தி?

மாமாங்கேஸ்வரருக்கு நேர்த்தி வைத்தோம், நூலும் கட்டினோம். மனதுக்குப் பலம் தருவதை யாரும் தடுக்கவில்லை. எண்ணெய் தடவுவது தொடு பயிற்சியாகவே பயன்பட்டது. ஆனால் இறுக்கிக் கட்டுவது, மட்டை வைத்து அசையாமல் போடுவது, சூடு வைப்பது இந்தக் காலுக்குக் கூடவே கூடாது. பரியாரியிடம் போனால் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாடசாலைக்கு எப்போது அனுப்பலாம்?

வலி போகும்வரை காத்திருக்க வேண்டாம். நாங்கள் அதிபரைப் போய்ப் பார்த்து, வைத்தியரின் கடிதத்தைக் கொடுத்து, முதலில் காலை இரண்டு பாடம், பிறகு இடைவேளைவரை, பிறகு முழுநாள் என்று பேசிக்கொண்டோம். நோகிறதென்று சொன்னால் வீட்டுக்கு அழைப்பு எடுக்கக்கூடாது. பத்து நிமிடம் ஓய்வறை, திரும்ப வகுப்பு. மாடி வகுப்பைக் கீழே மாற்றித்தர அதிபர் முன்வந்தபோது பிசியோ வேண்டாம் என்றார், படிக்கட்டும் பயிற்சிதான். வகுப்பாசிரியை ஒருவர் அவளுடைய தோழிகளிடம் முன்னமே பேசியிருந்தா. அதனால் காலைப் பார்த்துக் கேள்வி கேட்க ஒருவரும் வரவில்லை. மேஸைத் தொடக்கத்தில் உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனாள், தையல் காலில் உரசாமல் இருக்க.

எவ்வளவு காலம் எடுக்கும்? திரும்ப வருமா?

நிலையங்களில் பெரும்பாலும் சில கிழமைகள் கடுமையாகச் செய்கிறார்கள். வீட்டில் இருந்து செய்த எங்களுக்கு மாதங்கள் எடுத்தன. முதலில் ஊன்றுகோல் போனது, பிறகு நித்திரை வந்தது, பிறகு நிறம் சீரானது. வலி கடைசியாகத்தான் போனது. அது போன நாளை எங்களால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒருவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

திரும்பவும் வரலாம். மேலே சொன்ன ஆய்வில் இரண்டு வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அறிகுறிகள் ஒருமுறை திரும்பி வந்து, பிறகு மீண்டும் விட்டிருந்தன. எங்கள் மகளுக்கும் தவணைப் பரீட்சை நேரத்தில் ஒருமுறை எட்டிப் பார்த்தது. அவளே பேசினையும் அரிசியையும் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தாள்.

மற்றப் பிள்ளைகளை எப்படிப் பார்ப்பது?

தம்பிக்கு வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை என்ற ஏக்கம் இருந்தது. அவனைக் கம்பம் எண்ணுகிறவனாக நடைக்குக் கூட்டிப்போனோம். அதோடு, கால் பேச்சே இல்லாத நேரம் ஒன்று அவனுக்கென்று தனியாக வேண்டும். இவர் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வாவிக்கரைக்குப் போவார்.

எப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காய்ச்சல், காரணமில்லாமல் நிறை குறைவது, நித்திரையிலிருந்து எழுப்பும் வலி நாளுக்கு நாள் கூடுவது, காலையில் மூட்டு வீங்கி இறுகியிருப்பது, கால் பலமிழப்பது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, புதிதாக விழுந்து அடிபடுவது. இவை வேறு நோய்களின் அடையாளமாக இருக்கலாம். சீ.ஆர்.பி.எஸ். என்று ஏற்கனவே எழுதியிருந்தாலும் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை உயிரை வெறுத்துப் பேசினாலும் அப்படித்தான். அன்றைக்கே கூட்டிப்போங்கள், கிளினிக் நாள்வரை பொறுக்க வேண்டாம்.

முதல் கிளினிக்கில் என்ன கேட்பது?

கால் நிறம் மாறும் நேரத்தில் போனில் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள், வைத்தியர் பார்க்கும் நேரம் பார்த்துக் கால் வழமையான நிறத்தில் இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று. வேறு நோய் இல்லை என்று உறுதியாகிவிட்டதா? காலை ஊன்றினால் ஏதாவது கெடுமா? பிசியோ எப்போது தொடங்கலாம்? கடைசிக் கேள்விக்கு அடுத்த மாதம் என்று பதில் வந்தால், அதுவரை வீட்டில் எதைச் செய்யலாம் என்று கேட்டு, கொப்பியில் எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.